தூரத்தில் நின்ற ஐம்பது பேர்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 2:1–22, 4:8–13



இந்த வாரத் தியானம் உங்களில் சிலருக்குக் கசக்கும். எழுதிய எனக்கே அது முதலில் கசந்தது. இதில் குற்றம் சாட்டப்படுகிறவர்களின் வரிசையில் முதலாவதாக நிற்பவன் நானே.

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் நீட் தேர்வு எழுதும் நாளில் உபவாச ஜெபம் வைக்கிறோம். மருத்துவ இடம் கிடைத்தால் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். பிள்ளையைப் பீடத்துக்கு முன்பாக நிறுத்திச் சால்வை போர்த்துகிறோம். காசிமேட்டில் மீன் விற்ற தாயின் மகளும், கன்டெய்னர் லாரி ஓட்டிய தகப்பனின் மகனும் வெள்ளை அங்கி அணிவது நமக்குச் சிறிய காரியமன்று. அந்த மகிழ்ச்சியை நான் குறை கூறவில்லை. முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தால் மறுபடியும் ஒரு சால்வை போர்த்துகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆகிறாள், எப்போது உறங்குகிறாள், யாரிடம் அழுகிறாள் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை.

ஈராண்டுகளுக்கு முன், லெந்து நாட்களில் ஒரு ஞாயிறன்று, ஆசீர்வாதம் கிடைத்தவுடன் ஆலயத்தை மறந்துவிடுகிறவர்களைக் குறித்துப் பிரசங்கித்தேன். பெயர் எதையும் சொல்லவில்லை. ஆயினும் யாரைச் சொல்கிறேன் என்பது சபைக்குத் தெரிந்திருந்தது. பல மாதங்களாக ஆராதனையில் காணப்படாத ஒரு முதுநிலை மருத்துவ மாணவியைத்தான் சொன்னேன். அன்று அவள் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது அவள் சொன்னாள்: “ஐயா, நேற்றுக் காலையில் டியூட்டிக்குப் போனேன். இன்று காலையில்தான் முடிந்தது. வீட்டுக்குப் போனால் படுத்துவிடுவேன் என்று நேரே இங்கே வந்தேன். பிரசங்கத்தில் பாதியில் தூங்கிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.”

எந்தப் பாதியில் தூங்கினாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அன்று மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டியவன் நான். இரண்டு ஆண்டுகள் தாமதமாகவேனும் இங்கே கேட்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பின் எலிசாவின் சரித்திரத்தை வேறு கண்களோடு வாசிக்கத் தொடங்கினேன். ஏர் உழுதுகொண்டிருந்தவன்மேல் எலியா தன் சால்வையைப் போட்டார். அன்றுமுதல் அவன் பயிற்சியாளன். எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றியவன் என்றே பிறர் பின்னாளில் அவனை அடையாளம் சொன்னார்கள். பின்பு ஒருநாள் எலியா எடுத்துக்கொள்ளப்பட்டார். கீழே விழுந்த சால்வையை எடுத்துக்கொண்டு எலிசா தனியாக யோர்தான் கரைக்குத் திரும்பினான். எலியாவின் தேவன் எங்கே என்று அங்கே அவன் கேட்ட கேள்வியை நாம் விசுவாச முழக்கமாகவே பிரசங்கித்து வந்திருக்கிறோம். அது திகைத்து நின்றவனின் கேள்வியும் ஆகும். நேற்றுவரை கேட்பதற்கு ஒருவர் இருந்தார். இன்று தண்ணீரை அடிக்கவேண்டிய கை தன்னுடையது மட்டுமே.

அந்நேரத்தில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்? வேதம் கணக்கோடு சொல்கிறது. தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஐம்பது பேர் தூரத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பிரிந்தபின் ஓடிவந்து வணங்கினார்கள். வணங்கிய கையோடு தங்கள் விருப்பத்தைச் சொல்லி, அவன் வெட்கப்படுமட்டும் வருந்திக் கேட்டார்கள். அடுத்ததாக எரிகோவின் மனிதர் தங்கள் ஊர்த் தண்ணீரின் குறையோடு வந்தார்கள். நீ சாப்பிட்டாயா, உன் எஜமானை இழந்த துக்கம் எப்படியிருக்கிறது என்று அவனை ஒருவரும் கேட்டதாக எழுதப்படவில்லை.

பிரியமானவர்களே, அந்த ஐம்பது பேர் நாம்தான்.

ஒரு சிறப்பு மருத்துவர் உருவாகும் வழியை எண்ணிப் பாருங்கள். ஹவுஸ் சர்ஜன் ஆண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் நீட் முதுநிலைத் தேர்வு. அதற்காக ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருப்பவர்கள் உண்டு. எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று ஆண்டுகள். இருதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற உயர் சிறப்புத் துறையானால் டி.எம். அல்லது எம்.சிஎச். என்று மேலும் மூன்று ஆண்டுகள். இடையிலோ முடிவிலோ, அரசு மருத்துவமனையில் பணிசெய்வதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தக் காலம். பள்ளிக்கூடத் தோழர்கள் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் வயதில் இவர்கள் இன்னும் பயிற்சியாளர்களே.

பயிற்சி முடியும் நாள் விடுதலையின் நாளாக இருப்பதுமில்லை. நேற்றுவரை நள்ளிரவிலும் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, இப்படியிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்கலாம். இன்று ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரில் அந்தத் துறைக்கு அவள் ஒருத்திதான். கையெழுத்து அவளுடையது. பிழைத்தால் கடவுளுக்கு நன்றி; இறந்தால் பழி அவள்மேல். யோர்தான் கரை என்று நான் சொல்லும் இடம் இதுவே.

வடசென்னையில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. நம்மில் எத்தனை பேர் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தவர்கள்! கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் அழைத்த ஸ்டான்லியின் வாசலில் எத்தனை இரவுகள் காத்திருந்திருக்கிறோம்! எந்திரத்தில் நசுங்கிய விரல்களோடு தொழிலாளர் ஓடிய அந்த மருத்துவமனையில்தான் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்று தனித் துறையை வளர்த்து, இந்தியாவுக்கே முன்மாதிரியாக்கினார். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்தபோது, மூச்சுத் திணறிய ஜனங்கள் மருத்துவமனைகளை நோக்கியே ஓடினார்கள். அத்தகைய இரவுகளில் போதனா மருத்துவமனைகளின் வார்டுகளில் விழித்திருப்பவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் இருக்கும் இந்தப் பிள்ளைகள்தான். அவர்களுடைய தூக்கமின்மையின்மேல்தான் நம்முடைய தூக்கம் கட்டப்பட்டிருக்கிறது.

நான் இப்படிப் பேசும்போதெல்லாம் சிலர் எதிர்வாதம் சொல்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் போகமாட்டேன்.

முதலாவது வாதம்: “அந்தக் காலத்து டாக்டர்கள் தூங்காமல் உழைத்துத்தான் பெரியவர்கள் ஆனார்கள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை.”

இந்த உறைவிடப் பயிற்சி முறைக்கு அமெரிக்காவில் வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 1889 இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், இளம் அறுவை மருத்துவர்கள் அங்கேயே குடியிருந்து இரவும் பகலும் கற்கவேண்டும் என்ற ஒழுங்கை அவர் நிறுவினார். ரெசிடெண்ட் என்ற பெயரே அங்கே குடியிருப்பவர் என்ற பொருளில் வந்தது. அந்த மேதை, மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன்மேலேயே சோதித்துக் கொகெய்னுக்கு அடிமையானவர். பின்னர் மார்ஃபினுக்கும் அடிமையானார். அவரை நான் இகழவில்லை. ஆனால் அவர் தந்த முறையைச் சீனாய் மலையிலிருந்து இறங்கிய கற்பலகையைப்போல ஏந்திப் பிடிக்காதீர்கள் என்கிறேன்.

1984 இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரங்களில் இறந்தாள். நெடுநேரம் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்களே அன்றிரவு அவளைக் கவனித்தார்கள். அவளுடைய தகப்பன் சும்மா இருக்கவில்லை. 1989 இல் அந்த மாநிலம் பயிற்சி மருத்துவரின் பணி வாரத்துக்கு 80 மணி நேரத்தையும், ஒரே தொடர்ச்சியாக 24 மணி நேரத்தையும் தாண்டலாகாது என்று விதித்தது. தூக்கமில்லாத கை நோயாளிக்கும் ஆபத்து என்பதை ஒரு தகப்பனின் கண்ணீர் அந்த ஊருக்குக் கற்பித்தது.

நம் தேசத்தில் விதியே இல்லை என்று எண்ணாதீர்கள். 1992 இல் மத்திய அரசு வகுத்த உறைவிட மருத்துவர் திட்டம், தொடர்பணி சாதாரணமாக 12 மணி நேரத்தையும், வாரப் பணி 48 மணி நேரத்தையும் மிகலாகாது என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 ஆம் ஆண்டு முதுநிலை ஒழுங்குமுறை, ‘நியாயமான’ பணி நேரமும் ஓய்வும் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டது. 2024 இல் அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48 எங்கே, 74 எங்கே! 74 என்பதே சலுகையாகத் தோன்றும் நிலைக்கு வந்திருக்கிறோம். அந்தக் குழு நடத்திய ஆய்வில், பதிலளித்த முதுநிலை மாணவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேர், தங்களுக்குத் தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்று தெரிவித்தார்கள். பொறுமை இல்லாத தலைமுறை என்று இன்னும் சொல்வீர்களோ?

இரண்டாவது வாதம்: “நாளைக்கு லட்சக்கணக்கில் சம்பாதிக்கப் போகிறவர்களுக்கு நாம் ஏன் பரிதாபப்பட வேண்டும்?”

பின்னாளில் வரும் சம்பளத்தைக் கொண்டு இன்றைய இரவின் தூக்கத்தை வாங்க முடியாது. மேலும் உங்களிடம் நான் பரிதாபத்தைக் கேட்கவில்லை, நீதியைக் கேட்கிறேன். அந்தச் சம்பளத்தின்மேல் கண் வைத்திருப்பவர்கள் யார்? நம் ஊருக்குப் பெயரே டோல்கேட். அந்தப் பிள்ளைகள் நடக்கும் வழியில் நாமும் ஆளுக்கொரு ஆயத்துறையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆராதனை முடிந்து அவள் செருப்பை மாட்டும் முன்பே, ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டுகிறவர் ஒருவர். ‘எங்கள் ஆளுக்கு ஒரு பெட் சொல்லி வைம்மா’ என்று சிபாரிசு கேட்கிறவர் மற்றொருவர். மாப்பிள்ளை எம்.டி. என்றால் இவ்வளவு, எம்.சிஎச். என்றால் இவ்வளவு என்று கல்யாணச் சந்தையில் விலை பேசுகிறவர்களும் நம் திருவிருந்துப் பந்தியில்தான் முழங்கால் படியிடுகிறார்கள். சுங்கம் வசூலித்தது போதும்.

மூன்றாவது வாதம் பக்தியின் உடை உடுத்தி வருகிறது: “இது ஊழியம், போதகரே. ஊழியம் என்றால் சிலுவை சுமக்கத்தானே வேண்டும்?”

இதுதான் எனக்கு அதிகக் கோபம் மூட்டுவது. சிலுவையைத் தானே விரும்பிச் சுமப்பது வேறு. பிறர் தோளில் அதை ஏற்றிவிட்டு அல்லேலூயா பாடுவது வேறு. சீஷர் சாப்பிடவும் நேரமில்லாதிருந்தபோது, தனித்த இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைத்தவர் நம் ஆண்டவர். சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிப் படுத்திருந்த எலியாவிடம் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். காலைமுதல் சாயங்காலம்வரை தனியாய் நியாயம் விசாரித்த மோசேயிடம், நீ செய்வது நல்லதல்ல, இளைத்துப்போவாய் என்று அவன் மாமன் எத்திரோ கடிந்துகொண்டான். தேவனே ஓய்ந்திருந்த ஏழாம் நாளை, தேவனுக்கு ஊழியம் என்ற பெயராலேயே ஒரு பிள்ளையிடமிருந்து பறிப்பது எந்த வேதத்தில் இருக்கிறது?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1888 இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில் அம்மையாரின் உழைப்பில் வளர்ந்ததே நம் பகுதியின் ரெய்னி மருத்துவமனை. 1900 இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அவர்களை அனுப்பிய சபைகளும் சங்கங்களும் கைதட்டி வழியனுப்பியதோடு நின்றுவிடவில்லை. உறைவிடத்துக்கும் விடுப்புக்கும் பொறுப்பேற்றன. இன்றும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், சபைகளின் ஆதரவுக் கடிதத்தோடு சேரும் மாணவர்கள் படிப்பு முடிந்தபின் மிஷன் மருத்துவமனைகளில் பணிசெய்யக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கடமை அவர்களுக்கு மட்டுந்தானா? கடிதத்தில் கையெழுத்திட்ட சபைக்கு எந்தக் கடமையும் இல்லையா?

நான்காவது வாதம்: “இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டியது. சபை என்ன செய்ய முடியும்?”

அரசு செய்யவேண்டியது நிச்சயமாக உண்டு. அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் உள்ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக வழக்காடியவர்களில் தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர் சங்கம் முன்னின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உழைத்தவர் சிறப்பு மருத்துவராகி மறுபடியும் ஏழைகளிடமே திரும்ப அது வழி செய்கிறது. ஆகவே கேட்டால் நடக்காது என்று சொல்லாதீர்கள். பணி நேரத்துக்காகவும் ஓய்வறைக்காகவும் கேட்கும் குடிமக்களின் குரலில் நம் குரலும் இருக்கவேண்டும்.

ஓய்வறை என்று நான் வெறுமனே சொல்லவில்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 31 வயதான முதுநிலை பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடுமைப்படுத்திக் கொல்லப்பட்டார். நீண்ட பணிக்கிடையே இளைப்பாற அவர் போயிருந்தது ஒரு கருத்தரங்க அறைக்கு. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று நம் நகரத்தின் கிண்டியில், அரசு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு புற்றுநோய் மருத்துவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். தலை சாய்க்க ஓர் அறை, அதற்கு ஒரு தாழ்ப்பாள் என்பது ஆடம்பரமன்று.

இங்கேதான் சூனேம் ஊர் ஸ்திரீ எனக்குக் கண்முன் வருகிறாள். அவள் எலிசாவைத் தூரத்தில் நின்று பார்க்கவில்லை. வருந்திச் சாப்பிட அழைத்தாள். பிறகு தன் புருஷனிடம் பேசி, மேல்மாடியில் ஒரு சிறிய அறை கட்டினாள். அதில் நான்கு பொருட்களை வைத்தாள்: கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. தூங்க ஒன்று, எழுதவும் உண்ணவும் ஒன்று, உட்கார ஒன்று, இரவுக்கு ஒன்று. இதற்குக் கைம்மாறாக ராஜாவிடம் உனக்காகப் பேசட்டுமா என்று எலிசா கேட்டனுப்பினான். தன் ஜனத்தின் நடுவே குடியிருப்பதே தனக்குப் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். சிபாரிசு தானாக வீடு தேடி வந்தபோதும் வேண்டாம் என்றவள் அவள். எலிசாவின் நீண்ட ஊழியத்தைத் தாங்கியதில் அவளுக்கும் பங்கு உண்டென்று நான் நம்புகிறேன்.

ஆகையால் சபையாரே, உங்கள்முன் நான் வைக்கும் காரியங்கள் இவை.

நம் ஆலய வளாகத்தின் மாடியில் பழைய பாட்டுப் புத்தகங்களும் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடக்கும் அறையைக் காலி செய்வோம். ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரோடு வாழும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. இரவுப் பணி முடிந்து பகலில் உறங்க அவர்களுக்கு இடமில்லை. படிக்கவும் உறங்கவும் அவர்களுக்கு அந்த அறையின் சாவி கொடுக்கப்படட்டும். அங்கே யாரும் ரிப்போர்ட் கொண்டு போகக்கூடாது.

நம் சபையில் ஓய்வுபெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறீர்கள். முதன்முறையாகத் தனியே பொறுப்பேற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்களில் ஒருவர், முதல் ஈராண்டுகளுக்கு எலியாவாக இருங்கள். அவளுடைய கையில் முதல் நோயாளி இறந்த இரவில், கூப்பிட ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு மனநல மருத்துவரின் உதவி தேவையானால் அதை விசுவாசக் குறைவு என்று ஒருவரும் சொல்லாதிருங்கள். சொல்பவரை நான் பீடத்திலிருந்தே கண்டிப்பேன்.

பெற்றோரே, உங்கள் கடனையும் தங்கையின் கல்யாணத்தையும் பயிற்சிக் காலத்தின் உதவித்தொகைமேல் ஏற்றிவைக்காதீர்கள்.

என் பங்குக்கு: ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்களின் கணக்கில் பணியிலிருக்கும் மருத்துவரையும் செவிலியரையும் இனிச் சேர்க்கமாட்டேன். வியாழன் மாலை, அவர்களால் வரக்கூடிய நேரத்தில், அரைமணி நேரத் திருவிருந்து ஆராதனை நடத்துவேன். ஒருவர் வந்தாலும் நடத்துவேன். தூங்கினாலும் எழுப்பமாட்டேன்.

அந்தப் பெண் இந்த ஆண்டு தன் பயிற்சியை முடிக்கிறாள். வேறு மாவட்டத்தில் பணிக்குச் சேரப்போவதாகச் சென்ற வாரம் சொன்னாள். அவளுக்கு இன்னொரு சால்வை போர்த்தவேண்டும் என்று கமிட்டியில் பேச்சு எழுந்திருக்கிறது. சால்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எலிசாவிடம் சால்வை ஏற்கெனவே இருந்தது. அவனுக்கு இல்லாதிருந்தது கட்டிலும் விளக்குமே.

ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயு, ஆண்டவர் அழைத்தபோது எழுந்தான். எழுந்தபின் அவன் செய்ததாக எழுதப்பட்டிருப்பது, தன் வீட்டில் பந்தி வைத்ததுதான். நாமும் எழுந்திருப்போம்.

ஜெபிப்போம்: எங்கள் வியாதிகளில் எங்களுக்காக விழித்திருக்கும் உம்முடைய பிள்ளைகளைத் தூரத்தில் நின்று பார்த்த பாவத்தை எங்களுக்கு மன்னியும், ஆண்டவரே. அவர்கள் தனித்து நிற்கும் கரையில் எங்களையும் கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் வீட்டிலும் ஆலயத்திலும் அவர்களுக்கென்று ஓர் அறை திறக்க எங்களுக்கு மனம் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

மாடி அறையைச் சுத்தம் செய்ய வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் துடைப்பத்தோடு நான் அங்கே இருப்பேன். உங்களையும் எதிர்பார்க்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்